பிரேக் பேட் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறதா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

என் காரின் முன்பக்க இடது சக்கரத்தில் உள்பேட் இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தபோது, அதே காலிப்பரின் (பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் பாகம்) வெளிப்பேடில் பாதிக்கு மேல் லைனிங் (பின்தகட்டின் மேல் ஒட்டியிருக்கும், தேயும் பொருள்) மீதம் இருந்தது. பேட்தான் தரமற்றது என்று எண்ணிப் புதிய ஜோடியை வாங்கிப் போட்டேன். சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் அதே பேட் அதே வடிவத்தில் மீண்டும் தேய்ந்தது. இம்முறை டிஸ்க்கிலும் ஆழமான கீறல் விழுந்தது. பட்டறையில் காலிப்பரையே மாற்ற வேண்டும் என்றார்கள், மாற்றினேன். மூன்றாவது ஜோடியும் சாய்வாகத் தேயத் தொடங்கிய பிறகுதான், நானே சக்கரத்தைக் கழற்றி உட்கார்ந்து பார்த்தேன். இறுகிப்போயிருந்தது கீழ்ப்பக்க ஸ்லைடு பின், அதாவது காலிப்பர் சறுக்கி நகர உதவும் உலோகத் தண்டு. அந்தப் பின் நுழையும் துளை காலிப்பரில் இல்லை, காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் இருக்கிறது. புதிய காலிப்பரைப் பழைய பிராக்கெட்டிலேயே பூட்டியிருந்தார்கள்.

பேட், டிஸ்க், காலிப்பர் ஆகிய மூன்றுக்கும் செலவு செய்த பிறகு, ஒரு கிரீஸ் பொட்டலமும் ஒரு மதிய நேரமும் போதுமான வேலையாக அது முடிந்தது. நீங்கள் அந்தச் சுற்றில் சிக்காமல் இருக்க, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன். இது டிஸ்க் பிரேக்குக்கு மட்டுமே பொருந்தும்.

1. கைவைப்பதற்கு முன் திரட்ட வேண்டிய தாள்களும் எண்களும்

முதலில் உங்கள் கார் மாடலுக்கான சர்வீஸ் கையேட்டைத் தேடி எடுங்கள். வண்டியோடு வரும் உரிமையாளர் கையேட்டில் இந்த விவரங்கள் பெரும்பாலும் இருக்காது. மெக்கானிக்குகளுக்கான கையேடுதான் வேண்டும். அதிலிருந்து ஒரு தாளில் ஐந்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பேட் லைனிங்கின் குறைந்தபட்ச தடிமன், டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன், ஸ்லைடு பின் போல்ட்டையும் பிராக்கெட் போல்ட்டையும் எவ்வளவு விசையில் முடுக்க வேண்டும் என்பது, வீல் நட்டுக்கான முடுக்கு விசை. ஸ்லைடு பின் போல்ட் பல கார்களில் 25 முதல் 35 நியூட்டன் மீட்டருக்குள்ளும், பிராக்கெட் போல்ட் அதைப்போல மூன்று நான்கு மடங்கும் இருக்கும். ஆனாலும் இந்தப் பொது அளவை நம்பி முடுக்காதீர்கள். சிறிய போல்ட்டைப் பெரிய போல்ட்டின் விசையில் முடுக்கினால் மரை போய்விடும், பெரியதைச் சிறியதன் விசையில் விட்டால் ஓட்டத்தில் தளரும்.

இரண்டாவதாக, வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கையில் வைத்திருங்கள். ஒரே மாடலிலேயே தயாரிப்பு ஆண்டைப் பொறுத்தும் என்ஜினைப் பொறுத்தும் இரண்டு மூன்று வகைக் காலிப்பர்கள் பொருத்தப்படுவது உண்டு. மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கிய பேட் சில மி.மீ. உயரமாக இருந்து, டிஸ்க்கின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நீட்டிய பகுதி தேயாமல் உதடு போல நின்றுவிடும். அதே சேஸிஸ் எண்ணைக் கொண்டு, தயாரிப்பாளர் உங்கள் வண்டியின் பிரேக் பாகத்தை இலவசமாக மாற்றித் தரும் அறிவிப்பு ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்பதையும் கேட்டு அறியலாம்.

மூன்றாவதாக, பழைய சர்வீஸ் ரசீதுகளை எடுத்து, கடைசியாகப் பேட் மாற்றியபோது மீட்டர் காட்டிய கிலோமீட்டரைப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டரில் எத்தனை மி.மீ. தேய்ந்தது என்ற கணக்கு இல்லாமல், தேய்மானம் அதிகமா, இயல்பானதா என்று யாராலும் சொல்ல முடியாது. ரசீதில் ‘பிரேக் சர்வீஸ்’ என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால், பின் கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். எந்தெந்த வேலை செய்யப்பட்டது என்று இனிமேல் தனித்தனி வரியாக எழுதித் தரக் கேளுங்கள். வாரண்டிக் காலத்திற்குள் இருக்கும் வண்டி என்றால், பேடும் டிஸ்க்கும் தேயும் பொருள் என்ற வகையில் பொதுவாக விலக்கப்படும். ஆனால் காலிப்பர் இறுகிப்போனதால் பேட் தேய்ந்தது என்று நிறுவ முடிந்தால் காலிப்பராவது வாரண்டிக்குள் வரக்கூடும். அப்படிப்பட்ட நிலையில் நீங்களே எதையும் கழற்றாமல், அளவுகளையும் படங்களையும் எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

2. ஓட்டிப் பார்த்து அறியக்கூடியவை

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும். வண்டியைப் பதினைந்து இருபது நிமிடம், பிரேக்கை முடிந்தவரை குறைவாகப் பயன்படுத்தி ஓட்டுங்கள். வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, பாதுகாப்பான சமதளத்தில் நிறுத்துங்கள். பிறகு நான்கு சக்கரங்களின் டிஸ்க்கையும் தொடாமல் வெப்பம் அளக்கும் கருவியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிரேக் போடாமல் ஓட்டிய வண்டியில் ஒரு டிஸ்க் மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருந்தால், அந்தச் சக்கரத்தின் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கருவி இல்லாதவர்கள் சக்கரத்தின் அருகே உள்ளங்கையைக் காட்டி ஒப்பிடலாம். டிஸ்க்கைத் தொடவே கூடாது, அது தோலை உரித்துவிடும் சூட்டில் இருக்கும்.

இதையே பிரேக் போட்டும் ஒருமுறை செய்யுங்கள். மிதமான வேகத்திலிருந்து ஐந்தாறு முறை பிரேக் போட்டு நிறுத்திய பிறகு, முன்பக்கச் சக்கரங்களில் ஒன்று தெளிவாகக் குளிர்ந்திருந்தால், அந்தப் பக்கக் காலிப்பர் வேலையே செய்யவில்லை. பலர் வழுக்கி விழும் இடம் இது. இடது பேட் வேகமாகத் தேய்கிறது என்பதால் குறை இடது பக்கம்தான் என்று கருதுகிறோம். வலது பக்கம் பிடிக்காமல் இருப்பதால் இடது பக்கம் இரட்டை வேலை செய்து தேய்ந்திருக்கவும் கூடும். பிரேக் போடும்போது வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம்தான் அதிகமாகப் பிடிக்கிறது என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

3. வண்டியைத் தூக்குதல்

கெட்டியான சமதளம், எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, கையேட்டில் காட்டியுள்ள தூக்குமிடத்தில் ஜாக்கி, தூக்கியவுடன் ஜாக்கி ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டாதீர்கள். பின்சக்கரத்தில் வேலை என்றால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாக வேண்டும் என்பதால், கட்டை வைப்பது இன்னும் முக்கியமாகிறது. வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

பேட் தூளை ஊதியோ காற்றுக்குழாயால் அடித்தோ துடைக்கக் கூடாது. பழைய பேடுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அது இல்லாத தூளும் நுரையீரலுக்கு நல்லதன்று. பிரேக் கிளீனர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, முகக்கவசத்தோடு வேலை செய்யுங்கள்.

4. பேடைத் துடைப்பதற்கு முன் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். பழைய பேட் எறிய வேண்டிய குப்பையன்று. கோளாறு எங்கே என்று அதுதான் சொல்கிறது. கழற்றும்போதே ஒவ்வொரு பேடின் பின்தகட்டிலும் ‘இடது உள்’, ‘இடது வெளி’ என்று மார்க்கரால் எழுதி, மேல் நுனி எது என்று அம்புக்குறி போட்டுவிடுங்கள். பிறகு வெர்னியரால் ஒவ்வொரு பேடின் நான்கு மூலைகளிலும் லைனிங்கின் தடிமனை, பின்தகட்டைச் சேர்க்காமல், அளந்து அட்டவணையாக எழுதுங்கள். புதிய பேடில் லைனிங் பல கார்களில் ஏறத்தாழ 10 முதல் 12 மி.மீ. இருக்கும், 3 மி.மீ. வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது.

அளவுகளைப் படிக்க, காலிப்பர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். பெரும்பாலான கார்களில் இருப்பது சறுக்கும் வகை. அதில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும் இருக்கும். மிதியை அழுத்தும்போது பிஸ்டன் உள்பேடை டிஸ்க்கின் மீது தள்ளுகிறது. அதன் எதிர்விசையால் காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் உள்நோக்கிச் சறுக்கி, வெளிப்பேடை மறுபக்கத்திலிருந்து இழுத்து அழுத்துகிறது. மிதியை விட்டதும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனை மி.மீட்டரில் ஒரு சிறு பங்கு மட்டும் பின்னுக்கு இழுக்கிறது. அவ்வளவுதான் இடைவெளி. அந்தச் சிறு நகர்வைத் தடுக்கும் எதுவும், அது துருவோ காய்ந்த கிரீஸோ எதுவாயினும், பேடைத் தின்னும்.

இதை மனத்தில் கொண்டு உங்கள் அட்டவணையைப் பாருங்கள்.

உள்பேட் அதிகம் தேய்ந்து வெளிப்பேட் தடிமனாக இருந்தால், காலிப்பர் சறுக்கவில்லை, அல்லது பிஸ்டன் பின்வாங்கவில்லை. பின்னை முதலில் பாருங்கள், பிஸ்டனைப் பிறகு. மிகச் சிறிய வேறுபாடு பல வண்டிகளில் இயல்பு, 2 மி.மீட்டருக்கு மேல் போனால் நான் காரணம் தேடத் தொடங்குவேன்.

வெளிப்பேட் அதிகம் தேய்ந்திருந்தால், பிஸ்டன் பின்வாங்குகிறது, ஆனால் காலிப்பரின் உடல் வெளிநோக்கித் திரும்பாமல் வெளிப்பேடை டிஸ்க்கோடு உரசவிட்டு நிற்கிறது. இதிலும் பின்தான் முதல் சந்தேகத்துக்குரியது. பின் நன்றாக இருந்தால் வெளிப்பேடின் காது (பேடின் நுனியில் நீட்டியிருக்கும் பகுதி) பிராக்கெட்டில் சிக்கியிருக்கும்.

ஒரே பேட் ஒரு நுனியில் தடிமனாகவும் மறு நுனியில் மெலிந்தும் ஆப்பு வடிவில் இருந்தால், இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இறுகியிருக்கிறது, அல்லது ஒரு பக்கக் காது மட்டும் சிக்கியிருக்கிறது, அல்லது பின் தேய்ந்து துளைக்குள் ஆடுகிறது. டிஸ்க் சுழலும் திசையில் முதலில் வந்து சேரும் விளிம்பு சற்றுக் கூடுதலாகத் தேய்வது இயல்புதான். கண்ணால் பார்த்தாலே தெரியும் சாய்வு இயல்பன்று. என் முதல் ஜோடியிலேயே இந்தச் சாய்வு இருந்தது. பேடைப் பார்க்காமல் எறிந்ததால் அதைத் தவறவிட்டேன்.

ஒரு சக்கரத்தின் இரண்டு பேடுகளும் சமமாக, ஆனால் எதிர்ச்சக்கரத்தைவிட மிக அதிகமாகத் தேய்ந்திருந்தால், பின்கள் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன. ஹோஸ் (காலிப்பருக்குப் பிரேக் ஆயில் கொண்டுவரும் ரப்பர் குழாய்), பிஸ்டன், பின்சக்கரமாயின் ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

முன்பேடுகளைவிடப் பின்பேடுகள் விரைவாகத் தேய்வதைக் கண்டு அஞ்ச வேண்டாம். நிலைப்புக் கட்டுப்பாடும் (ESC) மின்னணு விசைப் பங்கீடும் (EBD) உள்ள இன்றைய கார்களில் பின்பிரேக்குக்கு முன்பைவிட அதிக வேலை கிடைக்கிறது. பின்பேடுகள் தொடக்கத்திலேயே மெலிதாகவும் இருக்கும். இடமும் வலமும் ஒத்திருந்தால் அது கோளாறு ஆகாது.

5. ஸ்லைடு பின்

காலிப்பரைக் கழற்றியதும் அதை ஹோஸில் தொங்கவிடாமல், கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டித் தூக்கி வையுங்கள். இப்போது பிராக்கெட்டில் இருக்கும் இரண்டு பின்களையும் விரலால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். நல்ல பின் விரல் விசையிலேயே வழுவழுப்பாக உள்ளே போய், உள்ளிருக்கும் காற்றின் மெல்லிய எதிர்ப்போடு திரும்பி வரும். இடுக்கி தேவைப்பட்டால் அது கெட்ட பின்தான். சுற்றினால் சுற்றுகிறது என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நீளவாக்கில் சறுக்க வேண்டும்.

பின்னை வெளியே எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். துரு, குழி, ஒரு பக்கம் மட்டும் மினுமினுப்பாகத் தேய்ந்த தடம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மாற்றிவிடுங்கள். உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் போட்டால் மேற்பூச்சு போய்ச் சில மாதங்களில் மறுபடியும் துரு ஏறும். துளையையும் பிரேக் கிளீனரும் மெல்லிய பிரஷும் கொண்டு, பழைய கிரீஸ் முழுவதும் வரும்வரை சுத்தம் செய்யுங்கள். ரப்பர் உறையில் ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தாலும் அதுதான் தண்ணீர் புகுந்த வழி. உறையை மாற்றாமல் பின்னை மட்டும் மாற்றினால் அதே வேலை அடுத்த மழைக்குப் பிறகு மீண்டும் வரும்.

பல கார்களில் இரண்டு பின்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றின் நுனியில் சிறிய ரப்பர் புஷ் இருக்கும், அல்லது ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். எது மேலே, எது கீழே என்று கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால், குறை தீர்ந்தது போலத் தோன்றி, பேட் மீண்டும் சாய்வாகத் தேயும்.

கிரீஸைத் தேர்வதில் கஞ்சத்தனமோ அவசரமோ வேண்டாம். பிரேக் பாகங்களுக்கென்று குறிப்பிட்டு விற்கப்படும், ரப்பருக்குத் தீங்கு செய்யாத சிலிக்கோன் அல்லது செயற்கை வகைக் கிரீஸை மட்டுமே பயன்படுத்துங்கள். சக்கர பேரிங்குக்குப் பூசும் சாதாரண பெட்ரோலிய கிரீஸ் ரப்பர் உறையையும் புஷ்ஷையும் ஊதச் செய்யும்; ஊதிய ரப்பர் பின்னைத் துளைக்குள் இறுக்கிவிடும். நன்றாகச் சறுக்கட்டும் என்று பூசிய கிரீஸே பின்னை இறுக்கியதைப் பலர் கண்டிருக்கிறார்கள். பூசும் அளவும் மெல்லிய படலம் போதும். துளையை நிரப்பினால் பின் உள்ளே போக இடமின்றிக் காற்றழுத்தம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

6. பேடின் காதும் அது உட்காரும் தடமும்

பட்டறைகளில் அதிகம் தவறவிடப்படும் இடம் இது என்பது என் எண்ணம், ஏனென்றால் இதற்கு நேரம் பிடிக்கும், கண்ணுக்கும் தெரியாது. பேடின் இரு நுனிகளிலும் உள்ள காதுகள் பிராக்கெட்டில் மெல்லிய எஃகு கிளிப்புகளின் மேல் உட்கார்ந்து சறுக்குகின்றன. அந்தக் கிளிப்புக்கு அடியில் பிராக்கெட்டின் வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும்போது, துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் கிளிப் மேலே தூக்கப்பட்டு, தடம் குறுகுகிறது. மேலிருந்து பார்த்தால் கிளிப் பளபளப்பாகவே இருக்கும். பேடோ ஆப்படித்தது போலச் சிக்கியிருக்கும்.

சோதனை எளிது. காலிப்பர் இல்லாத நிலையில் பேடை அதன் தடத்தில் வைத்து விரலால் தள்ளுங்கள். அது தடையின்றிப் போய் வர வேண்டும். சுத்தியல் கேட்கும் பேட் தவறான பேட், அல்லது துருப்பிடித்த தடம். கிளிப்புகளைக் கழற்றி, அடியிலுள்ள துருவை ஒயர் பிரஷ்ஷாலும் தட்டை அரத்தாலும் உலோகம் தெரியும்வரை நீக்குங்கள். துருவை மட்டும் எடுக்க வேண்டும், பிராக்கெட்டின் உலோகத்தைச் சீவிவிடக் கூடாது. புதிய பேடோடு புதிய கிளிப் வந்தால் அதையே போடுங்கள், வராவிட்டால் தனியாக வாங்குங்கள். பேடின் காதில் பூசப்பட்ட பெயின்ட் தடிமனாக இருந்து சிக்கினால் அந்தப் பெயின்ட்டை மட்டும் லேசாகத் தேய்த்து எடுக்கலாம். காது கிளிப்பைத் தொடும் இடத்தில் மட்டும் மெல்லிய கிரீஸ் பூசுங்கள். லைனிங்கிலோ டிஸ்க்கிலோ ஒரு துளி பட்டாலும் அந்தப் பேடைப் பயன்படுத்த வேண்டாம்.

7. பிஸ்டனும் ஹோஸும்

பின்னும் தடமும் நன்றாக இருந்தும் பேட் உரசுகிறது என்றால்தான் இங்கே வர வேண்டும். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். பேட் தேயத் தேய மட்டம் இறங்குவது இயல்பு. இடையில் யாரேனும் நிரப்பிவிட்டிருந்தால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் வழிந்து காரின் பெயின்ட்டைக் கரைக்கும். முன்கூட்டியே சிறிது உறிஞ்சி எடுத்துவிடுங்கள், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பழைய பேடையே அணைவாக வைத்து, சி-கிளாம்ப்பால் பிஸ்டனை மெதுவாகவும் நேராகவும் தள்ளுங்கள். சீரான எதிர்ப்போடு உள்ளே போனால் நல்ல பிஸ்டன். விட்டுவிட்டு நகர்ந்தாலோ, ரப்பர் உறை கிழிந்து பிஸ்டனின் பக்கவாட்டில் துருக்குழி தெரிந்தாலோ, காலிப்பரைப் பிரித்துப் புதிய ரப்பர்களும் பிஸ்டனும் போட வேண்டும், அல்லது காலிப்பரை மாற்ற வேண்டும். மாற்றுவதென்றால், நான் செய்த பிழையைச் செய்யாமல், பிராக்கெட்டும் சேர்ந்து வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பின்சக்கரத்தில் ஒரு பொறி உண்டு. ஹேண்ட் பிரேக்கும் அதே காலிப்பரில் இயங்கும் வகையில், பிஸ்டனைத் தள்ளக் கூடாது. அதற்கான கருவியால் அழுத்திக்கொண்டே திருகி உள்ளே அனுப்ப வேண்டும். மோட்டாரால் இயங்கும் பார்க்கிங் பிரேக் என்றால், கையேடு சொல்லும் முறையில் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே தொட வேண்டும். கிளாம்ப்பால் வற்புறுத்தினால் உள்ளிருக்கும் திருகும் பற்சக்கரமும் உடைந்து, மிக விலை உயர்ந்த பாகத்தை வாங்க நேரும்.

ஹோஸ் வெளியே புதிது போலத் தெரிந்தும் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். மிதியின் பெரும் அழுத்தம் ஆயிலை உள்ளே தள்ளிவிடும். திரும்பி வருவதற்கு அவ்வளவு விசை இல்லாததால் ஆயில் சிக்கிக்கொள்ளும். சோதிக்க, ஒருவரை மிதியை அழுத்தி விடச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரின் பிளீடர் நிப்பிளை (ஆயிலிலுள்ள காற்றை வெளியேற்றும் திருகு) ஒரு கணம் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் விடுபட்டால், அழுத்தம் சிக்கியிருக்கிறது. விடுபடாவிட்டால் கோளாறு பின்னிலோ பிஸ்டனிலோ இருக்கிறது. அழுத்தம் சிக்கியிருப்பது ஒரு சக்கரத்தில் மட்டும் என்றால் ஹோஸையும், பல சக்கரங்களில் என்றால் மாஸ்டர் சிலிண்டரையும் (மிதியின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) சந்தேகியுங்கள். நிப்பிளைத் திறந்த பிறகு காற்று நீக்கும் வேலையை முழுமையாகச் செய்தே ஆக வேண்டும். அதில் பழக்கமில்லாதவர் இந்தப் படியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், உங்கள் அட்டவணையைக் கையில் கொடுத்து.

8. டிஸ்க்

மைக்ரோமீட்டரால் சுற்றுவட்டத்தில் எட்டு இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவை, டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனோடு ஒப்பிடுங்கள். வெர்னியர் விளிம்பிலுள்ள தேயாத உதட்டைச் சேர்த்து அளந்து ஏமாற்றும். அந்த அளவுக்குக் கீழே போன டிஸ்க்கைக் கடைசல் பிடிக்கக் கூடாது, மாற்ற வேண்டும், அதையும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். உள்பேட் மட்டும் தேய்ந்த சக்கரத்தில் டிஸ்க்கின் உள்முகம் மோசமாகவும் வெளிமுகம் கண்ணாடி போலவும் இருக்கும். சக்கரக் கம்பிகளின் வழியாக வெளிமுகத்தை மட்டும் பார்த்து நிறைவடைய வேண்டாம்.

9. செலவும் நேரமும்

செலவை ஏறுவரிசையில் சொன்னால், கிரீஸும் கிளீனரும் முதலில், கிளிப் அதற்கடுத்து, ரப்பர் உறையோடு வரும் பின் தொகுப்பு, பேட், ஹோஸ், டிஸ்க், கடைசியாகக் காலிப்பர். பெரும்பாலான சமனற்ற தேய்மானம் இந்த வரிசையின் முதல் மூன்றிலேயே தீர்ந்துவிடுகிறது. பட்டறையின் பேச்சோ பலமுறை கடைசியிலிருந்து தொடங்குகிறது. காலிப்பர் மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டால், பின்னைக் கையால் சறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

பேடுகளை எப்போதும் ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் வண்டி பிரேக்கில் ஒரு பக்கம் இழுக்கும். கிளிப், பின் தொகுப்பு ஆகியவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பாகத்துக்காக அலைய வேண்டியதில்லை. முதன்முறை செய்பவருக்கு இரு முன்சக்கரங்களுக்கும் அரை நாள் ஆகும். ஒரு சக்கரத்தை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததைக் கழற்றுங்கள். எது எங்கே இருந்தது என்று ஐயம் வந்தால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் அப்படியே இருக்கும்.

10. திரும்பப் பூட்டுதல்

உள்பேட், வெளிப்பேட் இடம் மாறாமல் பாருங்கள். தேய்மானத்தை ஒலியால் அறிவிக்கும் உலோக நாக்கு எந்தப் பேடில், எந்த நுனியில் இருந்தது என்பதை நீங்கள் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா, ஸ்டியரிங்கை இரு கோடிவரை திருப்பினாலும் எதிலும் உரசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால், நீங்கள் எழுதி வைத்த எண்ணுக்கே முடுக்குங்கள். கையேடு புதிய போல்ட் கேட்டால் புதியதையே போடுங்கள்.

வண்டியை நகர்த்துவதற்கு முன், மிதி கெட்டியாகும்வரை பலமுறை அழுத்துங்கள். பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பதால் முதல் சில மிதிகள் தரைவரை போகும். இதை மறந்து ரிவர்ஸ் போட்டவர்கள் சுவரில் மோதியிருக்கிறார்கள். பிறகு ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து, குறைந்திருந்தால் மூடியில் எழுதியுள்ள வகையையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. அதை டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவற்றோடு கலக்கக் கூடாது.

11. புதிய பேடைப் படிய வைத்தல்

போக்குவரத்து இல்லாத சாலையில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமான அழுத்தத்தில் குறைப்பதைப் பத்து முறை செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே அரை நிமிடமாவது ஓட்டி டிஸ்க்கை ஆறவிட்டு. சூடான நிலையில் முழுமையாக நின்று மிதியை அழுத்தியபடி இருந்தால், பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் அப்பிக்கொண்டு பின்னால் அதிர்வைத் தரும். பேட் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதல் 300 கிலோமீட்டருக்குக் கடும் பிரேக்கைத் தவிர்க்கலாம்.

12. மீண்டும் அளத்தல்

ஓரிரு நாளில் இரண்டாம் படியின் வெப்பச் சோதனையைத் திரும்பச் செய்து, பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். 1,000 கிலோமீட்டரில் சக்கரத்தைக் கழற்றி நான்கு மூலைகளையும் அளங்கள். இவ்வளவு குறுகிய ஓட்டத்தில் தேய்மானம் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால், இப்போதே வேறுபாடு தெரிந்தால் ஏதோ ஒரு படி தவறிவிட்டது, ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். அதன் பிறகு 5,000 கிலோமீட்டரில் ஒருமுறை, பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையாவது டயர் இடம் மாற்றும்போது. சாலையில் உப்பு தூவும் ஊரிலும் கடற்கரையிலும் பின்னையும் கிளிப்பையும் ஆண்டுதோறும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பிரேக் ஆயிலை, கையேடு வேறு சொல்லாதவரை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதால் பிஸ்டனின் பக்கவாட்டில் துரு ஏறுகிறது.

பழைய பேடுகளை, அவற்றில் எழுதிய குறிப்போடு, 5,000 கிலோமீட்டர் அளவீடு முடியும்வரை ஒரு பையில் போட்டு வையுங்கள். என் பையில் இருந்த மூன்றாவது ஜோடியின் உள்பேடில் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் 3 மி.மீ. வேறுபாடு இருந்தது; இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஜோடியின் நான்கு மூலைகளிலும் வெர்னியர் ஒரே எண்ணைக் காட்டுகிறது.